காட்சியும் கருதலும்: குதச் சுருக்குத்தசைச் சோதனைகளின் வரலாறு

மலத்தையும் வளியையும் காலமும் இடமும் நோக்கி அடக்கிவைக்கும் ஆற்றல் மாந்தர்க்கு இளமையிலேயே வாய்த்துவிடுகிறது. வாய்த்தபின் அதனை எவரும் நினைப்பதில்லை; இழந்தார் மட்டுமே அதன் அருமையை அறிவர். அவ்விழப்பைப் பற்றிப் பேசுதல் நாணத்தக்கது எனக் கருதப்பட்டமையால், மருத்துவ நூல்களிலும் இப்பொருள் நெடுங்காலம் ஓரத்திலேயே நின்றது. தமிழாய்வு இதழில் இதற்கு இடம் உண்டோ எனச் சிலர் ஐயுறலாம். ஓர் அறிவுத்துறை எவ்வெவ் வாயில்களால் உண்மையைத் தேடிற்று, எந்த வாயிலை அளவுக்கு மிஞ்சி நம்பிற்று, எதனைப் புறக்கணித்தது என ஆராய்தல் வரலாறு பயில்வார் அனைவர்க்கும் உரிய பணியாகும். குழந்தைப் பேற்றின்போது மகளிரின் குதச் சுருக்குத்தசைக்கு நேரும் சிதைவையும், அதனைக் கண்டறியக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாகக் கையாளப்பட்ட சோதனைகளையும் ஈண்டு நாம் எடுத்துக்கொண்டோம். இவ்வரலாற்றின் பெரும்பகுதி இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது.

அறிவின் வாயில்களை அளவை என்பர் நம் முன்னோர். மணிமேகலையின் அளவைவாதி பத்து அளவைகளை எண்ணிக் காட்டுகிறான். சிவஞான சித்தியார் பலவற்றையும் கூறிப் பின் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. நாம் எடுத்துக்கொண்ட வரலாற்றை நோக்குங்கால் இம்மூன்றும் நினைவுக்கு வாராமல் இரா. கண்ணும் விரலும் நேரே கண்டது காண்டல். நரம்பின் தாழ்ப்பைக் கணக்கிட்டுத் தசையின் நிலையை உய்த்துணர்ந்தது கருதல். நோயுற்ற பெண்ணே வாய்திறந்து சொல்வது உரை. இவற்றுள் கருதல் ஏனை இரண்டையும் மறைத்து நின்ற ஒரு காலம் உண்டு. அக்காலத்தின் விளைவு பல பெண்களின் உடலில் எழுதப்பட்டது.

முதற்கண் சொற்களை நோக்குவோம். இந்நோய்க்குத் தமிழில் மலவடக்கமின்மை எனும் பெயர் வழங்குகிறது. அடக்கம் என்பது நம் மொழியில் ஒழுக்கத்தைச் சுட்டும் உயர்ந்த சொல். திருக்குறளில் அடக்கமுடைமை என ஓர் அதிகாரமே உண்டு. அச்சொல்லின் எதிர்மறை ஒரு நோயின் பெயராகும்போது, நோயாளிமேல் ஒரு குற்றத்தின் நிழல் படிகிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய நிலையன்று. ஆங்கிலத்தில் வழங்கும் 'இன்காண்டினன்ஸ்' என்னும் சொல்லும் தன்னடக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. காமத்தை அடக்காமை என்னும் பொருளிலும் ஆளப்பட்டது. புறத்தசையை இயக்கும் நரம்பின் பெயரோ 'புடெண்டல்'. நாணத்தக்கது என்பது அதன் அடிப்பொருள். இப்பெயரடியில் பிறந்து பெண்குறியைச் சுட்டிய சொல்லை உடற்கூற்றியலாரின் உலகப் பெயர்ப்பட்டியல் 2019-இல் நீக்கிவிட்டது. நரம்பின் பெயரில் மட்டும் அது நிலைத்திருக்கிறது. நாணமெனப் பெயரிட்ட உறுப்பைப் பற்றி நோயாளி தானே முன்வந்து பேசுவாள் என எதிர்பார்த்தல் எங்ஙனம்? 1982-இல் லீ, டர்ன்பர்க் என்னும் இருவர் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வயிற்றுப்போக்கு பற்றி மருத்துவரை நாடி வந்தோருள் பாதிப்பேர்க்கு அடக்கமின்மை இருந்தது. அவர்களுள்ளும் பாதிக்கும் குறைவானவரே கேளாமுன் அதனைச் சொன்னவர். சொல்லப்படாத நோய்க்குறி என்றே அக்கட்டுரைக்குத் தலைப்பிட்டனர்.

இனி உடலமைப்பைச் சுருங்கக் கூறுவோம். குதவாயிலை இரண்டு வளையத் தசைகள் சூழ்ந்துள்ளன. உள்வளையம் நம் விருப்புக்கு உட்படாதது. ஓய்வுநிலையில் வாயிலை மூடிவைக்கும் அழுத்தத்தின் பெரும்பகுதி அதனால் வருவது. வெளிவளையம் விருப்பின்வழி இயங்குவது. உந்துதல் எழுந்தவிடத்து இறுக்கி நிறுத்துவது. இவற்றை முறையே அகத்தசை, புறத்தசை என வழங்குவோம். இவற்றுக்கு மேலே கவண்போல் குடலைச் சூழ்ந்து முன்னோக்கி இழுத்து ஒரு வளைவை உண்டாக்கும் தசையும் உண்டு. பெண்ணுடலில் வளையத் தசைகளின் முன்பக்கம் கருவாய்க்கு மிக அணித்தே உள்ளது. எருவாய், கருவாய் என்பன சித்தர் நூல்களில் பயிலும் பழஞ்சொற்கள். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இடத்தையே மூலாதாரம் எனக் குறித்தனர் யோக நூலார். குழந்தையின் தலை வெளிப்படுங்கால் கிழிவது அவ்விடமே. அக்கிழிவைப் பட்டுநூலால் தைக்கும் முறை இடைக்கால இத்தாலியின் சலெர்னோ நகரில் தோன்றிய 'திரோத்துலா' நூல்தொகுதியிலேயே காணப்படுகிறது. ஆதலின் பேற்றின்போது இவ்விடம் கிழியும் என்பது பிற்காலத்தார் புதிதாகக் கண்ட உண்மையன்று.

சோதனை எனத்தக்க முதல் முயற்சி 1877-இல் வில்லியம் கவர்ஸ் செய்தது. தண்டுவடம் பழுதுற்றாரின் மலக்குடலில் காற்றைச் செலுத்தி, குடல் விரியுந்தோறும் சுருக்குத்தசை தானே தளர்வதை அவர் பதிவு செய்தார். உணர்வும் விருப்பும் அற்ற உடலிலும் இவ்வியக்கம் நிகழ்ந்தமையால், அது மூளையின் ஏவலால் நிகழ்வதன்று என்பது புலனாயிற்று. 1935-இல் டென்னி-பிரௌன், ராபர்ட்சன் ஆகிய இருவரும் இதனை விரிவாக ஆராய்ந்தனர். 1963-இல் அமெரிக்காவில் ஷுஸ்டரும் அவர்தம் துணைவரும் சிறு பலூன்களைக் கொண்டு அகத்தசையின் தளர்ச்சியை அளந்து காட்டினர். குடலில் நரம்பணுக்கள் இன்றிப் பிறக்கும் குழந்தைகளிடம் இத்தளர்ச்சி நிகழாமையைக் கொண்டு அந்நோயை அறியும் முறையும் அப்பத்தாண்டிலேயே வளர்ந்தது. அழுத்த அளவீடு என இன்று வழங்கும் சோதனையின் அடிப்படை இவையே.

தசையின் மின்னியக்கத்தைப் பதிவு செய்யும் முறை மற்றொரு கிளையாக வளர்ந்தது. 1930-இல் ஜெர்மன் மொழியில் பெக் என்பார் குதச் சுருக்குத்தசையின் மின்பதிவை முதன்முதல் வெளியிட்டார். 1953-இல் இலண்டனில் ஃபிளாய்டும் வால்சும் ஊசிமுனையால் புறத்தசையை ஆராய்ந்து, அது உறக்கத்திலும் முற்றிலும் ஓய்வதில்லை என நிறுவினர். கைகால்களின் தசைகள் ஓய்வில் மின்னமைதி கொள்வன. இத்தசையோ வாயிற்காவலன்போல் விழித்தேயிருப்பது. இக்கண்டுபிடிப்பின் அருமையை நாம் குறைத்து மதிப்பிடற்கில்லை. ஆயினும் இதனினின்று எழுந்த சோதனை நோயாளிக்குப் பெருந்துன்பமாயிற்று. வளையத்தில் கிழிவு எவ்விடத்தது என அறிய, குதத்தைச் சுற்றிப் பலவிடங்களில் ஊசியை ஏற்றி, மின்னொலி எழாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது. தசையைச் சுருக்கிக் காட்டுமாறு நோயாளியை ஏவ வேண்டுமாதலின், முழுமயக்கம் தருதலும் இயலாது.

இக்கிளைகள் யாவும் வந்து கூடியது செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனையில். குதநோயுற்ற ஏழைகளுக்காக 1835-இல் இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஏழு படுக்கைகளுடன் ஃபிரடெரிக் சால்மன் தொடங்கிய நிலையம் அது. 1854-இல் சிட்டி ரோடுக்கும், 1995-இல் ஹாரோ பகுதிக்கும் அது இடம்பெயர்ந்தது. பிற மருத்துவர் தொடவும் கூசிய நோய்களையே தன் தனித்துறையாக ஏற்ற நிலையம் ஆதலின், இத்துறையின் நல்லனவும் தவறியனவும் ஆகிய இரண்டும் அங்கேயே நிகழ்ந்தமை வியப்பன்று.

அங்குப் பணியாற்றிய சர் ஆலன் பார்க்ஸ் (1920-1982) இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர். கிழிந்த தசையின் இரு முனைகளையும் விடுவித்து, ஒன்றன்மேல் ஒன்றைப் படியவைத்துத் தைக்கும் முறையை அவர் 1971-இல் மக்பார்ட்லின் என்பாருடன் வெளியிட்டார். 1975-இல், தசை கிழியாதிருந்தும் வலிகுன்றியோர்க்கு உரியதெனக் கருதிக் குதத்தின் பின்பக்கமாகச் சென்று தசைகளை இறுக்கும் மற்றோர் அறுவையை விளக்கினார். 1977-இல் ஸ்வாஷ், யூரிக் ஆகியோருடன் இணைந்து, காரணம் அறியாத அடக்கமின்மை உடையாரின் தசைத் துணுக்குகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, அவற்றில் நரம்பிழப்பின் அடையாளங்கள் இருத்தலைக் காட்டினார். பேற்றின்போதும், ஆண்டாண்டாக முக்குதலாலும் புடெண்டல் நரம்பு இழுபட்டு நலிகிறது என்னும் கொள்கை இவ்வாறு உருப்பெற்றது.

கொள்கை பிறந்தபின் அதனை அளக்கும் கருவி வேண்டுமன்றோ? ஸ்வாஷும் கிஃப்பும் 1984-இல் அதனைப் பயன்படுத்திக் கண்டவற்றை வெளியிட்டனர். ஆய்வாளரின் கையுறையணிந்த சுட்டுவிரல் நுனியில் ஒரு மின்முனை. விரலின் அடியில் மற்றொன்று. விரலை மலக்குடலுள் செலுத்தி, இடுப்பெலும்பின் முள்ளருகே நரம்பைத் தூண்டுவர். புறத்தசை சுருங்கத் தொடங்கும்வரை கழியும் காலத்தை அளப்பர். நலமுடையார்க்கு அது ஏறத்தாழ 2 மில்லி விநாடி. அதனின் நீண்டால் நரம்பு பழுதுற்றது என்பர். அவ்வாண்டிலேயே, பேறு முடிந்த மகளிரிடம் இந்நரம்புச் சிதைவு காணப்படுதலை ஸ்னூக்ஸ் முதலியோர் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர்.

அன்றுமுதல் ஏறத்தாழ ஒரு பத்தாண்டு இக்கருத்தே கோலோச்சிற்று. குழந்தை பெற்ற பெண்ணுக்கு அடக்கமின்மை தோன்றினால், வெளிப்படையான கிழிவு பேற்றறைக் குறிப்பில் பதியப்படாதவிடத்து, நரம்பே காரணம் எனக் கொண்டனர். இங்கே இரண்டு குறைகளை நாம் காண்கிறோம். ஒன்று, அளவீட்டினுடையது: அச்சோதனை அளப்பது எஞ்சிய இழைகளுள் மிக விரைந்தனவற்றின் வேகத்தை மட்டுமே. நரம்பின் பெரும்பகுதி அழிந்தும் விரைந்த இழைகள் சில எஞ்சியிருப்பின் விடை செம்மையாகவே வரும். மற்றொன்று, கருதலினுடையது: நரம்பு நலிந்தது எனக் காட்டுதல் தசை முழுமையாக உள்ளது எனக் காட்டுதல் ஆகாது. புகைகண்டு நெருப்பைக் கருதலாம். புகை கண்டமையால் அவ்வீட்டில் வேறொன்றும் இல்லை எனக் கருதுவார் இலர். பதியப்படாத கிழிவு நேராத கிழிவாகவே எண்ணப்பட்டது. ஏட்டில் இல்லாதது உலகிலும் இல்லை என முடிபு கட்டும் பிழை வரலாற்றுத் துறையினர்க்கும் புதியதன்று.

இப்பிழை ஏட்டளவில் நிற்கவில்லை. காரணம் நரம்பெனின் பின்பக்க அறுவை. கிழிவெனின் முன்பக்கத்துத் தசைத் தையல். முன்பக்கம் பிளந்துகிடக்கப் பின்பக்கத்தை இறுக்குவதனால் பயன் யாது? பின்பக்க அறுவையின் பயன் ஆண்டுகள் செல்லச்செல்லத் தேய்ந்ததைப் பிற்காலத்து ஆய்வுகள் காட்டின. பார்க்ஸைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. கிழிந்த தசையை அவரினும் நன்கறிந்தார் அந்நாளில் அரியர். கிழிவைக் காணும் கண் அவர்க்கு இருந்தது. காணாத கிழிவைத் தேடும் கருவிதான் இல்லை.

அக்கருவியை அமைத்தவர் அதே மருத்துவமனையின் கதிர்ப்பட அறிஞர் கிளைவ் பார்ட்ரமும் அவர்தம் துணைவர் லாவும் ஆவர். மலக்குடலை ஆராய்வதற்கெனச் சுழலும் மீயொலிக் கருவி ஒன்று முன்னரே இருந்தது. அதன் நுனியில் நீர்நிறைந்த மென்பலூன் பொருத்தப்பட்டிருக்கும். குதவழியில் அப்பலூன் நசுங்கி உருவிழக்கும். அதனை நீக்கி, நீர் நிரப்பிய கடினப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றைப் பொருத்தினர். மாற்றம் இவ்வளவே. 1989-இல் வெளிவந்த அவர்தம் கட்டுரையில் அகத்தசை கரிய வளையமாகவும், புறத்தசை அதனைச் சூழ்ந்த வெளிறிய வளையமாகவும் தோன்றின. வளையம் எங்கு அறுந்துள்ளது என்பதை ஊசியின்றிச் சில மணித்துளிகளில் கண்ணால் காணும் நிலை வாய்த்தது. அறுவையின்போது எடுத்த திசுக்களுடன் ஒப்பிட்டு அப்படங்களின் மெய்ம்மையைப் பின்னர் உறுதிசெய்தனர்.

கண்டது யாது? பேற்றுக்குப் பின் அடக்கமிழந்த 62 மகளிரை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர்க்குப் புறத்தசை அறுந்திருந்தது. நரம்பின்மேல் ஏற்றிய பழி பெரும்பாலும் தசைக்கு உரியதாயிற்று.

இதனினும் பெரிய அதிர்ச்சி 1993-இல் வந்தது. அப்துல் சுல்தான், கம், ஹட்சன், பார்ட்ரம் முதலியோர் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளியிட்ட ஆய்வு, பேற்றுக்கு முன்னும் பின்னும் அதே மகளிரைச் சோதித்தமையால் சிறப்புடையது. இயல்வழியில் தலைப்பேறு கண்ட 79 மகளிருள் 35 விழுக்காட்டினர்க்கு ஆறாவது வாரத்தில் தசைச் சிதைவு காணப்பட்டது. 13 விழுக்காட்டினர்க்கு அடக்கமின்மையோ, பொறுக்கவியலா உந்துதலோ தோன்றியிருந்தது. இடுக்கி கொண்டு குழந்தையை எடுத்த பதின்மருள் எண்மர்க்குச் சிதைவு இருந்தது. அறுவைவழிப் பெற்ற 23 மகளிருள் ஒருவர்க்கும் புதிய சிதைவு இல்லை. ஆறு திங்கள் கழித்து மீளச் சோதித்தவிடத்துத் தசைச் சிதைவுகள் அவ்வாறே இருந்தன. நரம்பின் தாழ்ப்போ பெரும்பாலார்க்கு மீண்டிருந்தது. ஒரு கருதலை ஒரு காட்சி இவ்வளவு தெளிவாக மறுத்தமைக்கு இத்துறையில் பிறிதோர் எடுத்துக்காட்டு இல்லை எனலாம்.

இச்சிதைவுகளுக்கு மறைந்த சிதைவு எனப் பெயரிட்டனர். அப்பெயரே ஒரு புதிய குழப்பத்துக்கு வித்தாயிற்று. மூவருள் ஒருவர்க்குத் தசை அறுகிறது, அதுவும் எவர் கண்ணுக்கும் புலப்படாமல் அறுகிறது எனின், இயல்வழிப் பேற்றையே அஞ்ச வேண்டியதாகும் அன்றோ? 1996-இல் இலண்டன் பெண் மகப்பேற்று மருத்துவரிடையே நடத்திய வினாவலில், 31 விழுக்காட்டினர் தமக்கு அறுவைப் பேற்றையே விரும்புவதாகக் கூறினர். கீழ்வாயின் சிதைவைப் பற்றிய அச்சமே அவர்களுட் பெரும்பாலார் கூறிய காரணம்.

சுல்தான் அவ்வச்சத்தோடு நின்றுவிடவில்லை. சிதைவு மறைந்திருந்ததா, மறக்கப்பட்டதா என்னும் வினாவை எழுப்பினார். 1995-இல் மருத்துவர் 75 பேரையும் மருத்துவச்சியர் 75 பேரையும் வினவி அவரும் துணைவரும் வெளியிட்ட செய்திகள் நெஞ்சை உறுத்துவன. இவ்வுறுப்பின் கூற்றைத் தாம் போதிய அளவு பயிலவில்லை என்று கூறியோர் மருத்துவருள் 91 விழுக்காடு, மருத்துவச்சியருள் 60 விழுக்காடு. சுருக்குத்தசை அறுந்த கிழிவை இரண்டாம் நிலைக் கிழிவு எனத் தவறாக வகுத்த மருத்துவர் 41 விழுக்காட்டினர். இரண்டாம் நிலை என எழுதப்பட்ட கிழிவுக்குத் தசைத்தையல் இடுவார் இல்லை. தோலும் மேற்றசையும் தைக்கப்பட்டு அப்பெண் வீடு செல்வாள். ஏடோ, சுருக்குத்தசைக்கு ஊறில்லை என்றே சான்று பகரும். 1999-இல் சுல்தான் மூன்றாம் நிலைக் கிழிவை மூன்று உட்பிரிவாக்கினார்: புறத்தசை பாதிக்குக் குறைவாகக் கிழிதல், பாதிக்கு மேல் கிழிதல், அகத்தசையும் உடன் கிழிதல். பெயர் இல்லாதது கண்ணிலும் படாது என்பது இலக்கணம் பயின்றார் நன்கறிந்த செய்தி.

வினாவுக்கு விடை 2006-இல் கிடைத்தது. குரோய்டன் நகரில் ஆண்ட்ரூஸ், சுல்தான், ரானி தாக்கர் முதலியோர், இயல்வழியில் முதன்முறை குழந்தை பெற்ற 241 மகளிரை ஆராய்ந்தனர். பேறு பார்த்தவர் தம் முடிவை எழுதியபின், தைப்பதற்கு முன், பயிற்சி மிக்க ஆய்வாளர் ஒருவர் கண்ணாலும் விரலாலும் மீளச் சோதித்தார். அதன்பின் மீயொலிப் படமும் எடுக்கப்பட்டது. முதற்சோதனையில் தசைச் சிதைவு எனக் கண்டது 11 விழுக்காடு, மறுசோதனையில் 24.5 விழுக்காடு. மீயொலி மட்டுமே தனித்துக் காட்டியவை எத்தனை? மூன்று. மறைந்தவை எனப்பட்ட சிதைவுகளுட் பெரும்பாலன மறைந்திருக்கவில்லை; விளக்கொளியில், பயின்ற விரலுக்கு எட்டும் தொலைவில் இருந்தன. கட்டுரையின் தலைப்பிலேயே, மறைந்த சிதைவு என்பது புனைவா உண்மையா என வினவியிருந்தனர்.

எதிர்ச்சான்று ஒன்றையும் கூறுதல் கடன். 2005-இல் ஜெனீவாவில் ஃபால்டின் முதலியோர், கண்ணுக்குச் சிதைவு புலப்படாத 752 தலைப்பேற்று மகளிரை இருகூறாக்கி, ஒரு கூற்றார்க்குத் தைப்பதற்கு முன் மீயொலிப் படம் எடுத்தனர். மூன்று திங்கள் கழித்துக் கடுமையான அடக்கமின்மை அக்கூற்றாரிடம் 3.3 விழுக்காடு, ஏனையோரிடம் 8.7 விழுக்காடு. எனவே கருவி பயனற்றது என்பார் கூற்று நிற்காது. எம் கருத்தில் இவ்விரு ஆய்வுகளும் முரண்படவில்லை. பயிலாத விரல் உள்ளவிடத்துக் கருவி பெருந்துணை. பயின்ற விரல் உள்ளவிடத்து அதற்கு வேலை குறைவு. பேறு நள்ளிரவிலும் நிகழும். மீயொலிக் கருவி எல்லாப் பேற்றறையிலும் இராது. விரல் எங்கும் உண்டு.

இதன்பின் நிகழ்ந்தது எண்களைக் கொண்டு வரலாறு எழுதுவார் கருத்திற் கொள்ளத்தக்கது. இங்கிலாந்தில் இயல்வழித் தலைப்பேறு கண்டாரிடையே பதிவான கடுங்கிழிவுகள் 2000-ஆம் ஆண்டில் 1.8 விழுக்காடு, 2011-இல் 5.9 விழுக்காடு. பத்தாண்டில் மும்மடங்கு! மகளிர் உடல் அவ்விடைவெளியில் மாறிவிடவில்லை. தாயரின் அகவையும் குழந்தையின் எடையும் சிறிது கூடியதுண்டு. ஆயினும் காணவும் பெயரிடவும் கற்றமையே முதன்மைக் காரணம் என அவ்வாய்வினர் கருதினர். 1.8 என்னும் பழைய எண்ணைக் கிழிவின் அளவாகக் கொள்ளாது, காணாமையின் அளவாகவும் கொள்ளுதல் வேண்டும்.

ஏனைய சோதனைகளின் பிற்கால நிலையை விரைந்து கூறி அமைவோம். நரம்புத் தாழ்ப்புச் சோதனையை அமெரிக்க இரைப்பைக்குடலியல் சங்கம் 1999-இல் பரிந்துரையாது விட்டது. காந்த அதிர்வுப் படம் 1990-களில் வந்து, அகத்தசையினும் புறத்தசையின் மெலிவைக் காட்டுவதில் சிறப்புற்றது. அழுத்த அளவீடு நுண்ணிய பல உணர்முனைகள் கொண்ட குழாயாக வளர்ந்தது. அதன் விடைகளைப் பொருள்கொள்ளும் முறை நாட்டுக்கு நாடு வேறுபட்டமையால், 2020-இல் இலண்டன் வகைப்பாடு எனும் பொதுமுறை வெளியிடப்பட்டது. உரையளவையும் தனக்குரிய இடத்தைப் பெற்றது. 1993-இல் ஜார்ஜும் வெக்ஸ்னரும் அமைத்த 20 புள்ளி வினாநிரலும், 1999-இல் செயிண்ட் மார்க்ஸில் வைசி முதலியோர் அமைத்த 24 புள்ளி வினாநிரலும் நோயாளி தானே சொல்லக் காத்திராமல், எத்துணை முறை, எப்பொருள், அணையாடை உண்டா, வாழ்க்கை மாறிற்றா என மருத்துவரே வினவச் செய்தன.

கிழிவைத் தைப்பதற்கு முன் ஒவ்வொரு பெண்ணையும் மலக்குடல்வழி விரலால் சோதித்தல் வேண்டும் என்பது இன்று பிரித்தானிய மகப்பேற்றியலாரின் வழிகாட்டும் நெறி. சுட்டுவிரல் உள்ளே, பெருவிரல் வெளியே; இடைப்பட்ட தசையை உருட்டிப் பார்த்தல் அதன் முறை. அதனைக் கற்பிக்கச் சுல்தானும் தாக்கரும் குரோய்டனில் நடத்திய பயிற்சிகளில் பன்றியின் குதத்தசை பயன்பட்டது. புறத்தசை செவ்விறைச்சி நிறத்தது, அகத்தசை பச்சைமீனின் தசைபோல் வெளிறியது எனக் கண்டு வேறுபடுத்தவும், அறுந்து உள்ளிழுத்துக்கொண்ட முனைகளைத் தேடிப் பிடித்துத் தைக்கவும் மருத்துவரும் மருத்துவச்சியரும் அங்கே கைபழகினர்.